ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களைப் பிரிக்கும் அதிகாரம்: 2025 நிதிச் சட்டத்தை ஏன் எதிர்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். இன்று 2025 டிசம்பர் 17, ஓய்வூதியர் நாள். 1982-ஆம் ஆண்டு இதே தேதியில்தான் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆண்டுதோறும் சங்கக் கூட்டத்தில் அந்தத் தீர்ப்பைப் புகழ்ந்து பேசுகிறோம், எண்பது வயது நிறைந்தவர்களுக்குச் சால்வை போர்த்துகிறோம், சாப்பிட்டுவிட்டுக் கலைகிறோம். அந்தத் தீர்ப்பின் அடித்தளத்தையே பெயர்க்கும் சட்டம் ஒன்று இவ்வாண்டு மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கும்போது, வழக்கம்போல் பேசிக் கலைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நகாரா வழக்கின் சாரம் இதுதான். 1979-இல் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கியது. கடைசி 36 மாதச் சராசரி ஊதியத்துக்குப் பதிலாகக் கடைசி 10 மாதச் சராசரியை எடுத்துக்கொள்ளலாம் என்றது, ஆனால் 31.3.1979 அன்றும் அதற்குப் பிறகும் ஓய்வு பெறுவோருக்கு மட்டுமே அந்தப் பயன் என்று கோடு கிழித்தது. அதே பணியை அதே விதிகளின் கீழ் செய்துவிட்டு, ஓரிரு நாள் முன்னதாக ஓய்வு பெற்றவர் வாழ்நாள் முழுவதும் குறைவாகப் பெறுவது, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூறும் அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவுக்கு முரணானது என்று நீதிமன்றம் அந்தக் கோட்டை அழித்தது. ஓய்வூதியம் என்பது முதலாளி மனமிரங்கித் தரும் கொடை அன்று, செய்த பணிக்கு உரியது என்பதும் அத்தீர்ப்பில்தான் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது.

இப்போது 2025 நிதிச் சட்டத்துக்கு வருவோம். மத்திய அரசு ஓய்வூதியர்களைப் பல வகைகளாகப் பிரிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு, அது எப்போதுமே இருந்ததாகக் கொள்ளப்பட வேண்டும் என்று அதன் ஒரு பகுதி சொல்கிறது. ஊதியக் குழுப் பரிந்துரைகளை ஏற்கும்போது ஓய்வு பெற்ற தேதியை வைத்து வேறுபாடு காட்டலாம் என்கிறது. எந்த நீதிமன்றத் தீர்ப்பு இருந்தாலும் இதுவே செல்லும் என்கிறது. இவை அனைத்தும் 1972 ஜூன் 1 முதல், அதாவது மத்திய குடிமைப் பணி ஓய்வூதிய விதிகள் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே, செல்லுபடியாகும் என்கிறது. நகாரா வழக்கு தொடுக்கப்படுவதற்கும் முந்தைய தேதி அது.

ஒரு ரூபாயும் குறைக்கப்படவில்லையே, பிறகு ஏன் இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. குறைப்பதற்கான அதிகாரத்தை எடுத்துக்கொண்டதே என் கண்ணில் குறைப்புதான். எட்டாவது ஊதியக் குழு கடந்த மாதம்தான் அமைக்கப்பட்டிருக்கிறது; அதன் ஆய்வு வரம்புகளில், பங்களிப்பில்லாத, அதாவது ஊழியர் பங்கு செலுத்தாத பழைய ஓய்வூதியத் திட்டங்களுக்கென நிதி ஒதுக்கி வைக்கப்படாத செலவையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற வரி இடம்பெற்றிருக்கிறது. அந்த வரியையும் இந்தச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நடுநிலை, சென்னை

ஐயா, தங்கள் கவலையை மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாநிலங்களவையில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் இதற்கு நேரடியாகவே விளக்கம் அளித்தார். இப்போது வழங்கப்படும் குடிமை ஓய்வூதியத்திலோ இராணுவ ஓய்வூதியத்திலோ இதனால் எந்த மாற்றமும் இல்லை என்றும், 1.1.2006-க்கு முன்னும் பின்னும் ஓய்வு பெற்றவர்களுக்கிடையே ஆறாவது ஊதியக் குழுவின் அடிப்படையில் இருந்த வேறுபாட்டை உறுதிப்படுத்துவதே நோக்கம் என்றும், பழைய, புதிய ஓய்வூதியர்களுக்கிடையே ஏழாவது ஊதியக் குழு தந்த சமநிலை அப்படியே தொடர்கிறது என்றும் கூறினார்.

வழக்கின் பின்னணியையும் பார்க்க வேண்டும். ஆறாவது ஊதியக் குழுவுக்கு முன் ஓய்வு பெற்ற மிக உயர்நிலை அலுவலர்கள் தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஒரு சிலருக்கான அந்தத் தீர்ப்பை எல்லா நிலைகளுக்கும் நீட்டித்தால் வரும் செலவை எண்ணி அரசு முன்னெச்சரிக்கையாக நடந்துகொண்டது என்றே நான் நினைக்கிறேன். கடைநிலை ஊழியருக்கு இதில் இழப்பு ஏது?

பென்ஷன் புத்தகம், தஞ்சாவூர்

கடைநிலைக்கு இழப்பு ஏது என்று கேட்ட ஐயாவுக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் குடும்ப ஓய்வூதியம் பெறுகிறவள். என் கணவர் மத்திய அரசின் ஒரு துறையில் 6500-10500 ஊதிய விகிதத்தில் இருந்து 2003-இல் ஓய்வு பெற்றார். 30 ஆண்டுப் பணி. அக்காலத்தில் முழு ஓய்வூதியத்துக்கு 33 ஆண்டு வேண்டும் என்பதால், பாதி ஊதியத்தில் மேலும் 33-க்கு 30 என்று விகிதம் போட்டுக் குறைத்தார்கள்.

ஆறாவது ஊதியக் குழு வந்தபோது, பழைய ஓய்வூதியத்தை 2.26 மடங்காக்கினால் அவருக்கு ஏறத்தாழ 6,880 ரூபாய் வந்தது. ஓய்வு பெற்ற பதவிக்கு இணையான புதிய ஊதியத்தின் குறைந்தபட்சத்தில் பாதிக்குக் கீழே யாருடைய ஓய்வூதியமும் போகக் கூடாது என்று அதே குழு சொல்லியிருந்தது. அந்தக் குறைந்தபட்சம் எது என்பதில்தான் சூட்சுமம். 6500 ரூபாய்க்கு இணையாகப் புதிய அட்டவணையில் 12,090 ரூபாய் இருந்தது. பதவியின் நிலைக்கேற்பச் சேர்க்கும் தர ஊதியம் 4,200 சேர்த்தால் 16,290, அதில் பாதி 8,145. ஆனால் 3.10.2008 தேதியிட்ட ஒரு விளக்க ஆணை, பதவியின் ஊதியத்தைப் பார்க்கத் தேவையில்லை, பல பதவிகள் அடங்கிய ஊதியப் பட்டையின் அடிமட்டமான 9,300-ஐ எடுத்துக்கொண்டால் போதும் என்றது. 9,300-உம் 4,200-உம் சேர்ந்து 13,500, பாதி 6,750. அதையும் 33-க்கு 30 என்று குறைத்தால் அவர் வாங்கிக்கொண்டிருந்ததை விடக் குறைவாக வந்ததால், குறைந்தபட்சம் என்ற பாதுகாப்பே அவருக்குப் பயன்படாமல் போயிற்று.

2011 நவம்பரில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அந்த விளக்கத்தைச் செல்லாது என்றது. அரசு உயர் நீதிமன்றம் போயிற்று, உச்ச நீதிமன்றம் போயிற்று, இரண்டிலும் தோற்றது. இடையே 2013 ஜனவரியில் ஓர் ஆணை போட்டு, சரியான கணக்கை 24.9.2012 முதல் மட்டும் தந்தார்கள். 1.1.2006 முதலே தர வேண்டும் என்ற ஆணை 2015 ஜூலையில்தான் வந்தது. பழையவர்களுக்கும் 33 ஆண்டு நிபந்தனை கிடையாது என்ற ஆணை 2016 ஏப்ரலில் வந்தது. என் கணவர் 2014-இல் காலமாகிவிட்டார். வீட்டில் உள்ள பென்ஷன் புத்தகத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. கடைசி இரண்டு சீட்டுகளில் அவருடைய கையெழுத்து இல்லை, என்னுடையது இருக்கிறது. நிலுவைத் தொகை என் கணக்குக்கு வந்தது.

அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் உயர் அதிகாரிகள்தாம். அதன் பயன் எங்களைப் போன்றவர்களுக்கும் வந்தது. 2008-இல் இந்தச் சட்டம் இருந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏற்கெனவே தந்த நிலுவையைத் திருப்பிக் கேட்பார்கள் என்று ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

வழக்குக்கட்டு, மதுரை

அம்மா, முதலில் தங்கள் கடைசிக் கேள்விக்கு. தந்ததைத் திருப்பிப் பிடிக்கப் போவதாக அரசு எங்கும் சொல்லவில்லை. அப்படியே யாரேனும் முயன்றாலும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்து அவர்கள் தவறு ஏதுமின்றிக் கூடுதலாகத் தரப்பட்ட தொகையைப் பிடித்தம் செய்யக் கூடாது என்று ரஃபீக் மசி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தங்களுக்கு வந்ததோ கூடுதல் தொகை அன்று, உரிய தொகை. அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள்.

இன்னொரு வதந்தியையும் இங்கேயே முடித்துவிடலாம். நிதிச் சட்டத்தின்படி ஓய்வூதியர்களுக்கு இனி அகவிலை நிவாரணமே கிடையாது, ஊதியக் குழுப் பயனும் கிடையாது என்று சென்ற மாதம் கைபேசிகளில் சுற்றிய செய்தி பொய் என்று அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமே மறுத்துவிட்டது. அதில் சுட்டப்பட்ட விதி மாற்றம், பொதுத்துறை நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டு அங்கே ஒழுங்கீனத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்படுபவர்களைப் பற்றியது. நாம் எதிர்க்க வேண்டியது சட்டத்தில் எழுதப்பட்டுள்ளதை. எழுதப்படாத ஒன்றை எதிர்த்துக் கூச்சலிட்டால், எழுதப்பட்டதைப் பற்றி நாம் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சட்டத்தின் நிலைக்கு வருகிறேன். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வரிச் சட்டங்களில் இது அன்றாடம் நடப்பது. ஆனால் அதற்கு வரம்பு உண்டு. 1969-இல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வரையறுத்தது: தீர்ப்புக்குக் காரணமான குறையைச் சட்டம் நீக்க வேண்டும், குறையை அப்படியே வைத்துக்கொண்டு தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்று மட்டும் அறிவித்துவிட முடியாது. ஊழியர்களுக்கு இன்னும் நெருக்கமானது மதன் மோகன் பாடக் வழக்கு. ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்களுக்கு ஒப்பந்தப்படி தர வேண்டிய போனஸை, கல்கத்தா உயர் நீதிமன்றம் தரச் சொல்லி ஆணையிட்ட பிறகு, அவசரநிலைக் காலத்தில் 1976-இல் ஒரு சட்டம் போட்டுப் பறித்தார்கள். ஏழு நீதிபதிகள் அமர்வு 1978-இல் அந்தச் சட்டத்தை வீழ்த்தியது.

இங்கே பிரச்சினை அதையும் தாண்டியது. நகாரா தீர்ப்பு விதியில் இருந்த ஓட்டையைச் சுட்டிய தீர்ப்பு அன்று. 14-ஆம் பிரிவின் பொருளைச் சொன்ன தீர்ப்பு. சாதாரணச் சட்டத்தால் 14-ஆம் பிரிவைத் திருத்த முடியாது. நாடாளுமன்றம் தனக்கு வகைப்படுத்தும் அதிகாரம் உண்டு என்று எழுதிக்கொண்டாலும், அந்த வகைப்படுத்தல் நியாயமானதா என்று கேட்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமே இருக்கிறது.

இதைக் கேட்டு யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். நகாராவுக்குப் பின் உச்ச நீதிமன்றமே அதைப் பல இடங்களில் சுருக்கியிருக்கிறது. 1990-இல் கிருஷ்ணகுமார் வழக்கில், வருங்கால வைப்பு நிதியைத் தேர்ந்த ரயில்வே ஊழியர்களும் ஓய்வூதியத்தைத் தேர்ந்தவர்களும் ஒரே வகுப்பினர் அல்லர் என்றது. 2005-இல் அமர்நாத் கோயல் வழக்கில், பணிக்கொடை உச்சவரம்பு உயர்வுக்கு அரசு குறித்த தேதியை, நிதி நெருக்கடியைக் காரணம் ஏற்று, செல்லும் என்றது. அரசு வழக்கறிஞர் முதல் நாளே நீட்டப் போவது இவற்றைத்தான். நகாரா என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பி வழக்காடப் போகிறவர்கள் இவற்றுக்கும் விடை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வரிகட்டுபவன், சென்னை

நான் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சட்ட நுணுக்கங்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு நேரான கேள்வி கேட்கிறேன். யாரையும் புண்படுத்துவது நோக்கமில்லை. என் தந்தை ஓர் ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அவருக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அத்திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. மத்திய அரசு ஓய்வூதியருக்குக் குறைந்தபட்சமே 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலை நிவாரணம், எண்பது வயதானால் 20 விழுக்காடு கூடுதல், நூறு வயதானால் இரட்டிப்பு. இவ்வளவையும் என்னைப் போன்றவர்களின் வரியிலிருந்து வாங்கிக்கொண்டு, எங்களைப் பிரிக்காதீர்கள் என்று நீங்கள் கேட்பது எந்த விதத்தில் நியாயம்? நாட்டின் பெரும்பாலான முதியவர்களை எப்போதோ பிரித்தாயிற்று.

தண்டவாளம், பொன்மலை

தம்பி, நியாயமான கேள்வி. நான் பணிமனையில் வேலை பார்த்தவன். என்னால் முடிந்த அளவு பதில் சொல்கிறேன்.

ஓய்வூதியம் இனாமாக வந்ததில்லை. ரயில்வேயில் 1957-க்கு முன் சேம நிதிதான், அதாவது வருங்கால வைப்பு நிதி. தொழிலாளி ஒரு பங்கு போடுவார், நிர்வாகம் ஒரு பங்கு போடும். 1957 நவம்பரில் ஓய்வூதியம் வந்தபோது, அதைத் தேர்ந்தவர்கள் நிர்வாகத்தின் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அன்று முதல் பழைய ஓய்வூதியத்தில் இருக்கும் எவருக்கும் சேம நிதியில் அரசு ஒரு பைசாவும் போட்டதில்லை. அதில் கிடப்பது முழுக்க அவரவர் சம்பளத்தில் பிடித்தது. மாதந்தோறும் போட்டிருக்க வேண்டிய பங்கைப் போடாமல், ஓய்வுக்குப் பின் தருகிறேன் என்று நிறுத்தி வைத்த சம்பளத்தைத்தான் இப்போது நாங்கள் வாங்குகிறோம்.

அடுத்து, செலவு. 2025-26 நிதிநிலை அறிக்கையின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 2.77 லட்சம் கோடி, அதாவது ஐந்தரை விழுக்காடு. அதிலும் 1.6 லட்சம் கோடிக்கு மேல் இராணுவ ஓய்வூதியம். அதை இந்தச் சட்டம் தொடவே இல்லை. அரசு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. ரயில்வே ஓய்வூதியமோ இந்தக் கணக்கிலேயே சேராது. ரயில்வேயின் சொந்த வருவாயிலிருந்து, டிக்கெட்டிலும் சரக்குக் கட்டணத்திலும் வரும் காசிலிருந்து போகிறது.

இன்னொன்று. 1.1.2004-க்குப் பிறகு மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கு, முப்படையினர் நீங்கலாக, இந்தப் பழைய ஓய்வூதியம் கிடையாது; சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். ஆகவே இந்தக் கூட்டத்தில் புதிதாக யாரும் சேரப் போவதில்லை; நாங்கள் போகப் போக அது குறைந்துகொண்டே வரும்.

உன் தந்தைக்கு ஆயிரம் ரெண்டாயிரம் தருவது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எனக்குக் குறைத்தால் அவருக்கு ஏறுமா என்று யோசித்துப் பார். கொரோனா காலத்தில் எங்களுக்கு மூன்று தவணை அகவிலை நிவாரணத்தை நிறுத்தி வைத்தார்கள். ஊழியர், ஓய்வூதியர் இருவருக்கும் சேர்த்து மிச்சமானது 34,402 கோடி என்று அரசே கணக்குச் சொன்னது. பதினெட்டு மாத நிலுவை இன்றுவரை வரவில்லை. அதற்கு முன்பும் ஆயிரம்தான், அதற்குப் பிறகும் ஆயிரம்தான். அந்த மிச்சத்தில் உங்கள் குறைந்தபட்ச ஓய்வூதியம் ஒரு ரூபாய் ஏறவில்லை.

வரிகட்டுபவன், சென்னை

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ரயில்வே கணக்கு தனி என்பதும், நிர்வாகப் பங்கை விட்டுக்கொடுத்தார்கள் என்பதும் எனக்குப் புதிய செய்தி. ஐந்தரை விழுக்காடு சிறிய தொகை என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஆயினும், கொடுப்பதாகச் சொல்லி வேலை வாங்கிவிட்டு முன்தேதியிட்டு விதியை மாற்றுவது எந்த முதலாளி செய்தாலும் தவறு என்பதில் உடன்படுகிறேன்.

கரும்பலகை, விழுப்புரம்

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். 2005-இல் பணியில் சேர்ந்தேன். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எல்லோரும் 2006-க்கு முன், 2006-க்குப் பின் என்று பேசுகிறீர்கள். தமிழ்நாட்டில் 1.4.2003-க்குப் பின் பணியில் சேர்ந்த எங்களுக்குப் பிரிப்பதற்குக்கூட ஓர் ஓய்வூதியம் இல்லை. அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடிக்கிறார்கள். அரசும் அதே அளவு சேர்ப்பதாகக் கணக்குச் சீட்டு வருகிறது. ஓய்வு பெறும்போது அந்தத் தொகையை வட்டியோடு கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், அதோடு சரி. மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் மாநில அரசு சேரவில்லை. என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அந்தத் தொகையில் மகளின் திருமணக் கடனை அடைத்துவிட்டு, இப்போது ஒரு தனியார் பள்ளியில் மீண்டும் பாடம் நடத்துகிறார். ஓய்வூதியத் திட்டத்தை ஆராய மாநில அரசு அமைத்த, ககன்தீப் சிங் பேடி தலைமையிலான குழு என்ன சொல்லப் போகிறது என்று நாங்கள் காத்திருக்கிறோம்.

நான் கேட்பது இதுதான். 14-ஆம் பிரிவு ஓய்வு பெற்ற தேதிக்குத்தான் பொருந்துமா, பணியில் சேர்ந்த தேதிக்குப் பொருந்தாதா? ஒரே வகுப்பறையில், ஒரே பாடத்தை, ஒரே ஊதியத்துக்கு நடத்தும் இருவரில் ஒருவர் 2003 மார்ச்சில் சேர்ந்தவர், இன்னொருவர் ஏப்ரலில் சேர்ந்தவர். அந்தக் கோட்டைக் கிழித்தபோது மூத்தவர்கள் எங்கே இருந்தீர்கள்? உங்கள் ஓய்வூதியம் பத்திரமாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டீர்கள் என்றே எங்கள் தலைமுறை நினைக்கிறது.

தண்டவாளம், பொன்மலை

தோழர், கோபம் சரிதான். ஆனால் யாருமே பேசவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2003 ஜூலையில் ஓய்வூதியப் பயன்களைக் குறைத்ததை எதிர்த்து இதே தமிழ்நாட்டில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை டெஸ்மா எனப்படும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கினார்கள். நள்ளிரவில் வீடு வீடாகக் கைது செய்தார்கள். ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று சொன்னதும் அப்போதுதான். அந்த அடி விழுந்த பிறகு பல சங்கங்கள் எழுந்திருக்கவே ஆண்டுகள் ஆயின.

வழக்குக்கட்டு, மதுரை

ஆசிரியர் எழுப்பிய சட்டக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், சேர்ந்த தேதியை வைத்துத் திட்டத்தை மாற்றுவதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றே வந்திருக்கின்றன. புதிதாகச் சேர்பவர் புதிய நிபந்தனைகளைத் தெரிந்தே சேர்கிறார் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வேலை கிடைக்குமா என்று காத்திருக்கும் இளைஞர் நிபந்தனையைப் பார்த்துப் பேரம் பேச முடியுமா என்பது வேறு. சட்டத்தில் உங்கள் வழி கடினமானது, அரசியலில் எளிதானது. 2022 முதல் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாசலப் பிரதேசம் என்று அடுத்தடுத்துப் பழைய திட்டத்துக்குத் திரும்ப முடிவெடுத்தன. எதுவும் நீதிமன்ற ஆணையால் நடக்கவில்லை, தேர்தல் பயத்தால் நடந்தது. மத்திய அரசு அப்போதைய நிதிச் செயலர் டி.வி. சோமநாதன் தலைமையில் குழு அமைத்து, 1.4.2025 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே அழுத்தத்தால்தான். 25 ஆண்டுப் பணிக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி என்று அதில் உறுதியளித்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட உத்தரவாதம் அது.

கணக்குப்பிள்ளை, திருச்சி

ஆசிரியரின் குற்றச்சாட்டை இந்த இழை தவிர்த்துவிட்டுப் போக முடியாது. தேதி வைத்துக் கோடு கிழிப்பது என்ற ஒரே உத்தியைத்தான் 2003-இல் அவருக்கும், 2004-இல் மத்திய அரசின் புதிய ஊழியருக்கும், 2006-ஐ முன்னிட்டுத் தஞ்சை அம்மாவின் கணவருக்கும் பயன்படுத்தினார்கள். மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டம் 2003 டிசம்பரில் ஓர் அறிவிக்கையால் வந்தது. அதை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்கான சட்டம் 2013-இல்தான் நிறைவேறியது. பத்தாண்டுக் காலம் சட்டமே இல்லாமல் லட்சக்கணக்கானோரின் பணத்தைப் பிடித்தார்கள். அப்போது அறிவிக்கையால் செய்ததை இப்போது சட்டமாகவே, அதுவும் ஐம்பத்துமூன்று ஆண்டு முன்தேதியிட்டு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடுநிலை நண்பருக்கு ஒரு சொல். ஏழாவது ஊதியக் குழு தந்த சமநிலை தொடர்கிறது என்று அமைச்சர் சொன்னது உண்மை. அது தொடர வேண்டும் என்பதே அரசின் எண்ணம் என்றால், அதையே சட்டத்தில் எழுதியிருக்கலாம். வேறுபாடு காட்டும் அதிகாரத்தை எழுத வேண்டிய தேவை என்ன? அவையில் தரப்பட்ட உறுதிமொழி அந்த அமைச்சர் பதவியில் உள்ளவரை மதிக்கப்படலாம்; கருவூலத்தில் கணக்குப் போடுபவர் சட்டத்தைத்தான் பார்ப்பார். நாற்பது ஆண்டு தணிக்கையில் இருந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

நிறைவேற்றிய விதமும் சொல்லத் தக்கது. பிப்ரவரியில் அறிமுகமான நிதி மசோதாவில் இது இல்லை. மார்ச் இறுதியில் அரசே கொண்டுவந்த 35 திருத்தங்களோடு ஒன்றாக உள்ளே வந்தது. நிதி மசோதா பண மசோதா என்பதால் மாநிலங்களவையால் அதைத் திருத்தவோ நிராகரிக்கவோ இயலாது. லட்சக்கணக்கான ஓய்வூதியர்களைத் தொடும் ஒரு கொள்கையைத் தனி மசோதாவாகக் கொண்டுவந்து, நிலைக்குழுவுக்கு அனுப்பி, சங்கங்களின் கருத்தைக் கேட்டிருந்தால் இவ்வளவு ஐயம் எழுந்திருக்காது.

நடுநிலை, சென்னை

நிறைவேற்றிய விதம் குறித்து நானும் உடன்படுகிறேன். உள்ளடக்கம் குறித்து, எட்டாவது ஊதியக் குழு அறிக்கை வரும்வரை தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. ஓய்வூதியம் குறித்தும் அக்குழு பரிந்துரைக்கும் என்று இம்மாதத் தொடக்கத்தில் அரசு நாடாளுமன்றத்தில் பதில் அளித்திருக்கிறது.

பென்ஷன் புத்தகம், தஞ்சாவூர்

அறிக்கை வர 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள். அதன் பின் அரசு ஏற்க வேண்டும், ஆணை வர வேண்டும், ஆணைக்கு விளக்க ஆணை வர வேண்டும். என் கணவர் விஷயத்தில் நஷ்டம் நேர்ந்தது குழுவின் அறிக்கையால் அன்று, பிறகு வந்த அந்த ஒரு பக்க விளக்கத்தால். அறிக்கை வந்த பிறகு பேசலாம் என்பது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வயதில் தாமதமும் குறைப்பும் ஒன்றுதான்.

கரும்பலகை, விழுப்புரம்

கணக்குப்பிள்ளை ஐயா எங்கள் கோட்டையும் சேர்த்துச் சொன்னதற்கு நன்றி. ஊதியக் குழுவுக்கு நீங்கள் அனுப்பும் மனுவில் சேர்ந்த தேதியும் இடம்பெறுமா? இடம்பெற்றால் எங்கள் வட்டாரக் கிளை கையெழுத்துத் திரட்டித் தரும். மத்திய ஊதியக் குழு மாநில ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பொருந்தாது என்பது தெரியும். ஆனால் அங்கே எழுதப்படுவதுதான் இங்கே நகலெடுக்கப்படுகிறது.

கணக்குப்பிள்ளை, திருச்சி

இடம்பெறும். இதுவரை பேசியதை வைத்து மனுவின் முக்கியப் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

“2025 நிதிச் சட்டத்தில் ஓய்வூதியர்களை வகைப்படுத்தும் பகுதியை அரசு திரும்பப் பெறுமாறு குழு பரிந்துரைக்க வேண்டும். குழுவின் அறிக்கை எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தாலும், அத்தேதிக்கு முன் ஓய்வு பெற்றவரின் ஓய்வூதியம், அவர் ஓய்வு பெற்ற அதே பதவியின் திருத்திய ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்பட வேண்டும்; ஊதியப் பட்டையின் குறைந்தபட்சம் என்பது போன்ற பொதுச் சொற்களைத் தவிர்த்து, ஒவ்வொரு பழைய ஊதிய விகிதத்துக்கும் உரிய தொகையை ரூபாயில் அட்டவணையாக அறிக்கையிலேயே இணைக்க வேண்டும். 1.1.2004-க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்கும், சேர்ந்த தேதியின் காரணமாக வரையறுக்கப்பட்ட ஓய்வூதியம் மறுக்கப்படலாகாது.”

அட்டவணையை ரூபாயில் கேட்டது தஞ்சை அம்மாவின் பதிவைப் படித்த பிறகு சேர்த்தது. எண்ணாக எழுதிவிட்டால் விளக்க ஆணைக்கு இடமிருக்காது. அமர்நாத் கோயல் தீர்ப்பு குறித்து ஒரு பத்தி வேண்டும். அதை மதுரை நண்பர் எழுதித் தந்தால் நன்று.

வழக்குக்கட்டு, மதுரை

எழுதித் தருகிறேன். ‘எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தாலும்’ என்பதோடு ‘குடும்ப ஓய்வூதியம் உட்பட’ என்ற சொற்களையும் சேர்த்துவிடுங்கள். விட்டுப்போனால் அதற்குத் தனியாக ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.